ஒரு பூவரசிலை அளவு நிழல்

என் இடது கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அது முதலில் தெரிந்தபோது சோற்றுப் பருக்கை அளவுதான் இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று நினைத்துக் கழுவினேன். மறுநாளும் கழுவினேன். தோல் சிவந்ததே ஒழிய அது போகவில்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் பூவரசிலை அளவுக்கு அந்த இடம் வெளுத்துவிட்டது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. வெளுப்பு மட்டும்தான்.

அம்மா அதற்குப் பெயர் சொல்ல மாட்டாள். "அத மூடு", "அது தெரியுது பாரு" என்பாள். ஊரில் அதற்குப் பெயர் இருந்தது. குஷ்டம் என்கிற பெருநோயின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ஒட்டாது என்று இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்லிவிடுவார். அன்றைக்கு எங்கள் தெருவில் யார் சொன்னார்கள்? ஆகவே வருஷம் முழுக்க எனக்கு முழுக்கை ரவிக்கை. சித்திரை வெயிலில் கை இரண்டும் வெந்துபோகும். கன்னியாஸ்திரி மாதிரி என்ன அடக்கம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மெச்சுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா ஆலையில் வேலை பார்த்து, பஞ்சுத் தூசியில் இருமி இருமிப் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பெரிய மார்க்கெட்டில் பூ விற்றாள். அண்ணன் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். சைகோனில் இருந்தான். நான் வீட்டில் பூக்கட்டினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எங்கள் குடும்பம் இவ்வளவுதான்.

பக்கத்தில் சாரம் என்கிற ஊரிலிருந்து ஒரு இடம் வந்தது. எங்களைப் போலவே மாதா கோயில் குடும்பம். மாப்பிள்ளை தறி ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். அதன் ஒரு கால் ஆட்டம் கொடுக்கும். சாய்ந்தவர் விழப் பார்த்தார். எல்லோரும் பதறிப்போனார்கள், அவர்தான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. சுற்றி வளைப்பானேன், அந்த ஆளையே பிடித்துவிட்டது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. இனிமேல் கையை என்ன செய்வது என்கிற பயம் அப்போதுதான் வந்தது. அதுவரை அது அம்மாவின் கவலையாக மட்டும் இருந்தது.

கல்யாணத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று அண்ணன் லீவில் வந்து சேர்ந்தான். வந்த மறுநாளே என் ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தை விரலால் தடவினான். அழுவான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் வந்தது வேறு ஏதோ.

"இத மறைச்சிடலாம்மா," என்றான் அம்மாவிடம். "சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இல்ல. தோலுக்குள்ளயே."

அவன் பெட்டியில், துணிகளுக்கு அடியில், ஒரு பிஸ்கோத்து டின் இருந்தது. அதற்குள் பச்சை குத்தும் மிஷின். பச்சை குத்துவதை நான் பார்த்திருக்கிறேன். குறத்தி உட்கார்ந்து, மூன்று ஊசியைச் சேர்த்துக் கட்டி, பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவாள். இது அப்படி இல்லை. வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் பொத்தானை அழுத்தினால் அடிக்கும் மின்சார மணிக்குள் என்ன இருக்குமோ அதேதான் இதிலும் இருந்தது. செம்புக் கம்பி சுற்றிய இரண்டு உருளை, அவற்றின் தலைக்கு மேல் ஓர் இரும்பு நாக்கு, அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் தகடு, தகட்டை முட்டும் ஒரு திருகாணி. மணியில் நாக்கு கிண்ணத்தை அடிக்கும். இதில் ஊசியை அடித்தது. சைகோன் துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்கு நங்கூரமும் பாம்பும் குத்துகிற ஒரு சீனனிடம் அண்ணன் சிநேகம் பிடித்து, தொழிலையும் பிடித்து, கடைசியில் மிஷினையும் வாங்கிவிட்டிருந்தான்.

அம்மா தயங்கினாள். "மாப்ள வூட்ல சொல்லிடலாமேடா. நல்ல மனுசங்களா தெரியுறாங்க."

"சொன்னா நாளைக்கே தட்டத்தத் திருப்பி அனுப்புவாங்க. அப்புறம் நல்ல மனுசங்கன்னு நீ சொல்லிட்டே இரு."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மறை என்றுதான் சொல்லியிருப்பேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. அதனால் இதில் நான் வாயில்லாப் பூச்சி ஒன்றும் இல்லை.

அண்ணன் மிஷினைத் தயார் செய்யவே பல நாள் பிடித்தது. அது கோடு போடுவதற்கு வைத்த மிஷின் என்றான். நங்கூரம் போட வேண்டுமானால் போதும். என் கைக்கு வேண்டியது கோடு அல்ல. ஓரமே தெரியாத சாம்பல் நிற நிழல். "கோடுன்னா வெட்டணும். நெழலுன்னா தடவணும்," என்று சொல்லிக்கொண்டே அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினான்.

பின்கட்டில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். மோட்டார் ஷெட்டிலிருந்து ஒரு பாட்டரி இரவல் வாங்கி வந்திருந்தான். கம்பியைத் தொட்டதும் மிஷின் குளவி மாதிரி வீலென்று கத்தியது. "இந்தக் கத்தல் கூடாது," என்றான். விறைப்பான பழைய தகட்டை எடுத்துவிட்டு, நீளமாக, இளக்கமாக இன்னொரு தகடு வெட்டிப் போட்டான். திருகாணியை இத்தனூண்டு பின்னுக்குத் திருப்பினான். நாக்கு மேலும் கீழும் போய்வர இடம் கூடியது, ஓட்டம் நிதானப்பட்டது. காதைக் கொடுத்துக் கேட்பான். மறுபடி திருப்புவான். கடைசியில் சத்தம் அடங்கி, தொண்டைக்குள் முனகுகிற மாதிரி ஆயிற்று. "இதான். இந்தக் கொரலு வந்தா தோலக் கிழிக்காது," என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. என் கையைவிட அந்த மிஷின் அவனுக்கு முக்கியமாகிவிட்டதோ என்று தோன்றியது.

ஊசிக்கும் அதே பாடு. கோட்டுக்கு ஊசிகளைக் கொத்தாகச் சேர்ப்பார்களாம். நிழலுக்கு வரிசையாக, சீப்புப் பல் மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தான். குழாய்க்கு வெளியே அவை உமி அளவு எட்டிப் பார்த்தால் போதும். அதற்கு மேல் போனால் ரத்தம் வரும், ரத்தம் வந்தால் நிழல் திட்டுத்திட்டாக நிற்கும் என்றான். ஊசி ஆடாமல் இருக்கச் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டினான்.

பிறகு மை. சீன மைக்கட்டியைக் கல்லில் உரைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்தான். கடற்கரையிலிருந்து நான் பொறுக்கி வந்த கிளிஞ்சல்களை வரிசையாக வைத்து, முதல் கிளிஞ்சலில் கறுப்பு, அடுத்ததில் கொஞ்சம் தண்ணீர், அதற்கடுத்ததில் இன்னும் தண்ணீர் என்று விட்டுக்கொண்டே போனான். கடைசிக் கிளிஞ்சலில் கழுநீர் மாதிரி இருந்தது. முதலில் வாழைப்பட்டையில் போட்டுப் பார்த்தான். அடுத்து, நானும் அம்மாவும் தடுக்கத் தடுக்க, தன் கெண்டைக்காலிலேயே ஒவ்வொரு கிளிஞ்சலுக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டான். ஆறியதும் காலை என் கைக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்ப்பான். "வெறும் கறுப்புதான். ஆனா தண்ணி சரியா இருந்தா, தோலுக்குள்ளேர்ந்து பாக்கறப்ப நம்ம நெறத்துக்கிட்ட வந்துடும்," என்பான். அவன் தோல் நல்ல தோல். அதில் போட்டது இதில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒங்கண்ணன லேசா நெனச்சிடாத," என்று சிரித்தான். ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாள் அவன் கிளிஞ்சல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும்.

அந்தக் காரியம் நடந்த காலையில் வாசல் கதவைச் சாத்திவிட்டு, மிஷின் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அம்மா உரலில் உலக்கை போட்டாள். உரலில் ஒன்றும் இல்லை. வெறும் உரலை இடித்துக்கொண்டே மாதாவைக் கூப்பிட்டாள். அண்ணன் என் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, கையைச் சிறுசிறு வட்டமாக ஓட்டினான். வைப்பதும் தெரியாது, எடுப்பதும் தெரியாது. ஓரத்துக்கு வரும்போது கையை லேசாகத் தூக்கிவிடுவான். தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பான். வலித்தது, ஆனால் தாங்கக்கூடிய வலி. அவன் நெற்றியிலிருந்து வேர்வை என் கைமேல் விழுந்துவிடக் கூடாது என்று தலையைத் தலையைத் திருப்பிக்கொண்டான். அந்த ஒரு மணி நேரம் அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. என்னை அவ்வளவு கவனமாக அதற்கு முன்னும் பின்னும் யாரும் தொட்டதில்லை.

ஆறுகிறவரை தண்ணீர் படக் கூடாது, முக்கியமாக மஞ்சள் படவே கூடாது, நிறம் கெட்டுவிடும் என்றான். அப்படியே இருந்தேன். முகத்துக்கும் காலுக்கும் மஞ்சள் பூசிக் குளிப்பேன். அந்தக் கையை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். பொருக்கு உதிர்ந்தது. இன்னொரு தடவை மேலே லேசாக ஓட்டினான். அதுவும் ஆறியது. அதற்கப்புறமும் பயந்துகொண்டு அந்தக் கைக்கு மட்டும் பயத்தமாவுதான் தேய்த்தேன். சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தால் அம்மாவுக்கே இடம் தெரியவில்லை. உச்சி வெயிலில் மட்டும் லேசாகச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டால் அதுவும் இல்லை. அம்மா என் கையை முத்தமிட்டாள். எனக்கோ வேறு ஒன்று தெரிந்தது. அண்ணன் போட்ட நிழலைச் சுற்றி, முன்பு நன்றாக இருந்த தோலில், நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு புதிதாக ஓடியது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

கோயிலில் எங்கள் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறுகளில் பூசையில் மணமக்கள் பெயரைச் சொல்லி, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் கேட்பார். பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த நான் அந்த இடம் வந்ததும் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்? தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான், மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் பக்கம் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணா, அவருகிட்ட மட்டும் சொல்லிடு. நீயே போய் சொல்லு. சிரிக்கிற மனுசன்."

"பைத்தியமா நீ? எதுக்கு இவ்ளோ பாடுபட்டேன்? எவனுக்கும் தெரியாது. தெரியவும் உட மாட்டேன்."

"எனக்குத் தெரியுமே. அவரு பக்கத்துல நான் எப்பிடிப் படுத்துத் தூங்குவேன்?"

அவன் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டான். அம்மா உள்ளேயிருந்து, தாலி ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நலங்கு. சாரத்திலிருந்து மாப்பிள்ளையின் அக்காவும் உறவுக்காரப் பெண்களும் தட்டோடு வந்தார்கள். அக்கா பெரிய உடம்புக்காரி, கலகலவென்று பேசுகிறவள். கிண்ணம் நிறைய மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்திருந்தாள். என்னை மணையில் உட்காரவைத்துக் கன்னத்தில் பூசினாள், கழுத்தில் பூசினாள். "எங்க தம்பிக்கு மூக்கு முழி லட்சணமான பொண்ணுதான்," என்று கிண்டல் செய்தாள். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நிமிஷம் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்றுகூட நினைத்தேன்.

"கையக் குடு. வளையல ஏத்து," என்றாள்.

அம்மா சட்டென்று, "அந்தக் கைக்குப் போதும்மா, குளுந்துடப் போவுது," என்றாள். அக்கா எங்கே கேட்டாள்? வளையல்களை முழங்கைக்குத் தள்ளிவிட்டு, உள்ளங்கை நிறைய மஞ்சளை எடுத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கை பொன்னிறமாகப் பளபளத்தது. மணிக்கட்டுக்கு மேலே மட்டும், பூவரசிலையின் வடிவம் மாறாமல், குளத்துப் படியில் பாசி பிடித்தாற்போல் ஓர் இடம் தனியாகத் தெரிந்தது. சாம்பலின் மேல் மஞ்சள் ஏறினால் என்ன நிறம் ஆகும் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கிளிஞ்சல் கிளிஞ்சலாகத் தண்ணீர் பார்த்த அண்ணன் நினைக்கவில்லை. தினம் மஞ்சள் பூசிக் குளிக்கிற அம்மாவும் நானும் நினைக்கவில்லை. மஞ்சள் படாமல் காப்பதிலேயே எங்கள் புத்தி முழுவதும் போய்விட்டது.

அக்கா முந்தானையால் துடைத்தாள். மறுபடி பூசினாள். மறுபடியும் பாசி. பெண்களின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. அவள் விரல் அந்த இலையின் ஓரத்தில் போய், நூல் மாதிரி ஓடிய வெள்ளைக் கோட்டில் நின்றது.

"இது என்னா?"

"தீக்காயம்," என்றான் அண்ணன் வாசற்படியிலிருந்து. "சின்ன வயசுல அடுப்புல பட்டது."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு சாரத்துக்குப் போக என்னால் முடியாது என்று அப்போது தெரிந்தது.

"வெள்ள, அண்ணி," என்றேன். "வெண்குஷ்டம். எங்க அண்ணன் மிஷின் வெச்சி மறைச்சிச்சு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். தவலைத் தண்ணீரை மொண்டு, அடுப்புச் சாம்பலை அள்ளி, என்னைத் தொட்ட இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவள் பின்னால் மற்றவர்களும் வரிசையாக நின்று கழுவினார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. நான் மஞ்சளோடு மணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில், சாமியாரிடம் ஏவல் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து, நாளைக்குக் கல்யாணப் பூசை இல்லையாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. அவரிடம் கேட்டார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. இன்றைக்கும் என்னை அரிக்கிறது அதுதான். சிரிக்கிற மனுஷன். முன்கூட்டியே போய்ச் சொல்லியிருந்தால் ஒருவேளை சிரித்திருப்பார். ஒருவேளை அவரும் கையைக் கழுவியிருப்பார். இரண்டில் எது என்று தெரிந்திருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

மறுநாள் அண்ணன் பின்கட்டில் கிளிஞ்சல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தப்பான கிளிஞ்சல எடுத்துட்டேன்," என்றான். "ரெண்டாவத எடுத்திருக்கணும். கொஞ்சம் செம்மண்ணு கலந்திருக்கணும்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஆமா, தப்பான கிளிஞ்சல்தான்! எல்லாமே தப்புதான்! உன் மிஷினக் கொண்டுபோய்க் கடல்ல போடு!" என்று கத்தினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அழுதான். லீவு முடியும் முன்பே புறப்பட்டுவிட்டான். கடல் பாலத்தில், கப்பலுக்குப் போகும் படகு ஏறும்வரை அம்மா மட்டும் கூடப் போனாள்; நான் போகவில்லை. அதற்கப்புறம் யுத்தம் வந்தது. சைகோனிலிருந்து திரும்பியவர்களில் அவன் இல்லை. கடைசி வரை அவன் மிஷினைத் தொடவே இல்லை, யாராவது கேட்டால் தனக்கு நிறம் பார்க்கத் தெரியாது என்பான் என்று கூட இருந்த ஒரு சொல்தா வந்து சொன்னான்.

வெள்ளைக் கோடு நின்ற இடத்தில் நிற்கவில்லை. மெல்ல மெல்லக் கை முழுவதும், பிறகு மறு கை, கழுத்து, முகம் என்று ஏறியது. ஊசி பட்டதால் வந்ததா, தானாக வந்ததா, எந்த டாக்டரும் எனக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பிறகு பெரிய மார்க்கெட்டில் அவள் இடத்தில் நானே உட்கார்ந்தேன், அரைக்கை ரவிக்கையோடு. என் கை கட்டிய பூ வேண்டாம் என்று நகர்ந்தவர்கள் உண்டு. நானும் அவர்களைக் கூப்பிட்டதில்லை. போகப் போக ஊருக்குப் பழகிவிட்டது.

சமீபத்தில், பூ வாங்க வந்த ஒரு பெண், முழம் போடும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மனசுக்காரி.

"ஆயா, கையில அந்த எடம் மட்டும் கறுப்பா இருக்கே," என்றாள். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

கையைத் திருப்பிப் பார்த்தேன். வெயில் உச்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் உச்சி வெயிலில்தான் சாம்பல் பூத்துத் தெரியும். சுற்றிலும் எல்லாம் வெளுத்துப்போன பிறகு, பூவரசிலை அளவுக்கு அது ஒன்றுதான் பழைய என் நிறத்தில் இருந்தது.

"அது ஒண்ணும் பண்ணாதும்மா," என்று சொல்லிப் பூவைக் கொடுத்தேன்.

அண்ணன் சரியான கிளிஞ்சலைத்தான் எடுத்திருக்கிறான். அதை அவனிடம் சொல்ல முடியவில்லை.